ஓர் அடி உயரமில்லாத காட்டுப்பன்றி

மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் எந்த அடைப்பின் முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? புலி, சிங்கம், யானை, குரங்கு. காட்டுப்பன்றியின் முன் யாரும் நிற்பதில்லை. அணைக்கட்டுப் பக்கத்து மாணவர்களை அழைத்துப் போனால் கேட்கவே வேண்டாம். "இதுதான் எங்கள் கொல்லையில் நிலக்கடலையைக் கிளறிவிட்டுப் போகிறதே, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நகர்ந்துவிடுவார்கள். ஒடுகத்தூரிலும் பீஞ்சமந்தை மலையடிவாரத்திலும் இரவெல்லாம் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் காட்டுப்பன்றிக்கு நம் நாட்டிலேயே ஒரு சின்னஞ்சிறு உறவு உண்டு. அது எந்தக் கொல்லையையும் நாசம் செய்வதில்லை. உயரம் 20 முதல் 30 சென்டிமீட்டர். அதாவது உங்கள் பள்ளி அளவுகோலை நிமிர்த்தி வைத்தால் அதன் முதுகு அதற்குள் அடங்கிவிடும். எடை 6 முதல் 10 கிலோகிராம். வால் வெறும் 2½ சென்டிமீட்டர். உலகிலுள்ள பன்றி இனங்களிலெல்லாம் இதுவே மிகச் சிறியது. குள்ளப் பன்றி என்று இதை அழைக்கலாம்.

1882-ஆம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குச் சென்றவர்கள் இந்த அபூர்வப் பிராணியை நேரில் பார்த்திருக்கிறார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து கப்பலில் கொண்டுபோகப்பட்ட சில குள்ளப் பன்றிகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கூட்டம் நிலைக்கவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1976-இல், ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகர மிருகக்காட்சி சாலைக்கு அஸ்ஸாமிலிருந்து சில பன்றிகள் சென்றன. அங்கே குட்டிகளும் பிறந்தன. ஆனால் 1980-களில் அந்த வம்சமும் அற்றுப்போயிற்று. புலியையும் சிங்கத்தையும் கூட்டில் வளர்த்துப் பெருக்கத் தெரிந்த மனிதனுக்கு, ஒரு முழங்கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான இந்தப் பன்றி ஏன் பிடிபடவில்லை? நான் பௌதிகம் கற்பிப்பவன். விலங்கியல் என் பாடமல்ல. ஆயினும் இந்தப் பன்றியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளத் தொடங்குவதற்கு உங்கள் பௌதிகப் புத்தகத்தின் வெப்பம் பற்றிய பாடமே போதும் என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

பெயரும் பிறப்பும்

நேபாளத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் ஓர் இயற்கை ஆர்வலர். இமயமலைப் பகுதியின் பறவைகளையும் விலங்குகளையும் ஏராளமாகத் தொகுத்து விவரித்தவர். 1847-இல் அவர் இந்தப் பன்றியை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்து, 'போர்க்குலா சல்வானியா' என்று பெயரிட்டார். சால மரக் காடுகள் சூழ்ந்த பகுதியில் வாழ்வதால் 'சல்வானியா'. பின்னால் வந்தவர்கள், "இது தனிப் பேரினமொன்றுமல்ல, சாதாரணக் காட்டுப்பன்றியின் பேரினத்தைச் சேர்ந்ததுதான்" என்று முடிவு கட்டி, ஹாட்ஜ்சன் சூட்டிய பேரினப் பெயரை எடுத்துவிட்டார்கள். 2007-இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது ஹாட்ஜ்சன் சொன்னதே சரி என்று தெரிந்தது. 160 ஆண்டுகளுக்குப் பிறகு பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. அந்தப் பேரினத்தில் இன்று உயிரோடிருப்பது இந்த ஒரே இனம்தான். ஆகவே இது அற்றுப்போனால் ஓர் இனம் மட்டுமல்ல, ஒரு பேரினமே போய்விடும்.

ஒரு காலத்தில் இமயமலை அடிவாரத்தில் உத்தரப் பிரதேசம், நேபாளம், வடக்கு வங்காளம் வழியாக அஸ்ஸாம் வரை நீண்டு கிடந்த உயரமான புல்வெளிகளில் இது வாழ்ந்தது. அந்தப் புல்வெளிகள் வயல்களாகவும் ஊர்களாகவும் தோட்டங்களாகவும் மாற மாற, பன்றியும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. 1960-களில் இது முற்றாக அழிந்துவிட்டது என்றே பலர் எண்ணினார்கள்.

1971-இல் அஸ்ஸாமின் பர்னாடி காட்டுப் பகுதியில் புல்வெளி தீப்பற்றி எரிந்தது. தீக்குத் தப்பி ஓடிவந்த சில சிறு பன்றிகள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கையில் சிக்கின. அவர்கள் அவற்றைச் சந்தைக்கு விற்கக் கொண்டுபோனார்கள். விஷயம் அறிந்த ஒரு தோட்ட அதிகாரி அவற்றை விலைக்கு வாங்கினார். அழிந்ததாக நினைத்த இனம் சந்தைக் கூடையிலிருந்து உலகுக்குத் திரும்பி வந்தது! எந்த நெருப்பு இதன் வீட்டை அழித்ததோ அதே நெருப்புத்தான் இது உயிரோடிருப்பதையும் காட்டிக்கொடுத்தது.

வெல்லமும் பன்றியும்

இனி பௌதிகத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் கரும்பு ஆலையில் காய்ச்சிய வெல்லத்தில் ஒரு பெரிய உருண்டையை எடுத்து ஒரு பாத்திரத் தண்ணீரில் போடுங்கள். அதே எடை வெல்லத்தைத் தூளாக்கி இன்னொரு பாத்திரத்தில் போடுங்கள். எது முதலில் கரையும்? தூள்தான். எடை ஒன்றே, ஆனால் தூளாக்கியபோது தண்ணீரைத் தொடும் பரப்பு பெருகிவிட்டது.

இதைக் கணக்காகப் பார்ப்போம். 2 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் பரப்பளவு 24 சதுர செ.மீ.; கன அளவு 8 கன செ.மீ. ஆகவே ஒவ்வொரு கன செ.மீ.க்கும் 3 சதுர செ.மீ. பரப்பு. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்கோ பரப்பளவு 6, கன அளவு 1. ஒரு கன செ.மீ.க்கு 6 சதுர செ.மீ.! பக்கம் பாதியானால், ஒவ்வொரு துளிப் பொருளுக்கும் கிடைக்கும் பரப்பு இரட்டிக்கிறது. பொருள் சிறியதாக ஆக, அதன் உடலைவிடத் தோல் 'அதிகமாகிறது' என்று சொல்லலாம்.

பிராணிகளின் உடலில் வெப்பம் உண்டாவது உள்ளே. வெளியேறுவது தோலின் வழியே. 80 கிலோ எடையுள்ள ஒரு காட்டுப்பன்றியையும் 8 கிலோ குள்ளப் பன்றியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே வடிவம், அளவில் மட்டுமே வேறுபாடு என்று கொண்டால், எடை விகிதம் 10. நீள விகிதம் 10-இன் கனமூலம், அதாவது 2.15. ஆகவே குள்ளப் பன்றியின் ஒவ்வொரு கிலோவும் பெரிய பன்றியின் ஒவ்வொரு கிலோவைப்போல 2.15 மடங்கு பரப்பின் வழியாக வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறது.

குட்டியின் நிலை இன்னும் மோசம். பிறக்கும்போது அது 150 முதல் 200 கிராம்தான் இருக்கும்; உள்ளங்கையில் அடங்கும். 160 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். தாயைவிட ஏறத்தாழ 3.7 மடங்கு, அந்த 80 கிலோ பன்றியைவிட ஏறத்தாழ 8 மடங்கு. (கணக்கை நீங்களே போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 500-இன் கனமூலம் கிட்டத்தட்ட 8 என்பதைக் கண்டுபிடிக்கக் கணிப்பான் தேவையில்லை.)

இதோடு பன்றிக் குடும்பத்துக்கே உரிய ஒரு குறையும் சேர்ந்துகொள்கிறது. மனிதக் குழந்தை உட்படப் பல பாலூட்டிகளின் குட்டிகளுக்கு உடலில் 'பழுப்புக் கொழுப்பு' என்றொரு திசு இருக்கிறது. குளிர் தாக்கும்போது அது நடுக்கமில்லாமலே எரிந்து, உடலைச் சூடாக்கும் அடுப்பாகப் பயன்படுகிறது. இந்த அடுப்பை மூட்டும் மரபணு பன்றிகளில் கெட்டுப்போயிருப்பதை 2006-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினார்கள். அது கெட்டு ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர்கள் கணிப்பு. வெப்ப நாடுகளில் வாழ்ந்த முன்னோர்களுக்கு அந்த அடுப்பு தேவைப்படாததால், பழுது பட்டதும் இழப்பாகத் தெரியவில்லை. 2017-இல் சீன விஞ்ஞானிகள் எலியின் மரபணுவைப் பன்றிக்குள் புகுத்திப் பார்த்தபோது, அந்தப் பன்றிகள் குளிரை நன்றாகத் தாங்கின. காரணம் ஐயமற உறுதியாயிற்று.

அடுப்பில்லாத வீட்டில் குளிர்காலத்தைக் கழிப்பது எப்படி? சுவரையும் கூரையையும் கெட்டியாக அமைத்துக்கொள்ள வேண்டும். பசு, ஆடு, மான் ஆகிய குளம்புள்ள பிராணிகள் எதுவும் கூடு கட்டுவதில்லை. கன்று விழுந்த அன்றே எழுந்து நடக்கிறது. குளம்புள்ளவற்றில் பன்றி ஒன்றுதான் குட்டி போடுவதற்குக் கூடு கட்டுகிறது என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

புல்லாலான வீடு

மற்றப் பன்றிகள் குட்டி போடும் சமயத்தில்தான் கூடு கட்டும். குள்ளப் பன்றியோ ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல், ஆண்டு முழுவதும் கூடு கட்டி அதிலேயே உறங்குகிறது. முதலில் மூக்காலும் காலாலும் தரையைக் கிளறி ஆழமில்லாத ஒரு தொட்டிபோல் ஆக்குகிறது. அதில் காய்ந்த புல்லை வாயால் கவ்விக்கொண்டு வந்து பரப்புகிறது. சுற்றிலும் நிற்கும் உயர்ந்த புல்லை வளைத்து மேலே கூரையாக மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் புற்குவியல். உள்ளே ஒரு குடும்பம்.

இந்தக் கூரையின் இரகசியம் புல்லில் இல்லை, காற்றில் இருக்கிறது. காற்று ஓர் அரிதிற்கடத்தி. அதன் வெப்பங்கடத்துத் திறன் தண்ணீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 24-இல் ஒரு பங்குதான். ஆனால் காற்றைச் சும்மா விட்டால் சூடாகி மேலே எழும். குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். வெப்பச் சலனத்தால் சூடெல்லாம் போய்விடும். காய்ந்த புல் செய்வதெல்லாம் காற்றைச் சிறு சிறு அறைகளில் சிறைப்பிடித்து, ஓடாமல் நிறுத்துவதுதான். கம்பளியும் பஞ்சு மெத்தையும் பறவையின் சிறகும் இதே வேலையைச் செய்கின்றன. கரும்புச் சோகை வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்கழியில் கதகதப்பு, சித்திரையில் குளுமை. தகரம் போட்ட பிறகு படும் பாட்டை அவர்களே சொல்வார்கள். குள்ளப் பன்றியின் கூடும் அப்படித்தான்: வெளிச்சூட்டை உள்ளே விடாமலும் தடுக்கும்.

ஒரு வேடிக்கையான ஒற்றுமை. குள்ளப் பன்றி வாழும் உயர்ந்த புற்களில் முக்கியமான சில, நம் கரும்பின் பேரினத்தையே சேர்ந்தவை. ஆகவே பீஞ்சமந்தை அடிவாரத்துச் சோகைக் கூரையும் அஸ்ஸாமின் பன்றிக் கூடும் ஒரே குடும்பத்துப் புல்லில் வேய்ந்தவை என்றால் மிகையில்லை.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர், ஒரு பெரிய குடம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே சூட்டில் வெந்நீர் நிரப்பி மூடுங்கள். ஒரு டம்ளரை மட்டும் ஒரு கூடை வைக்கோலுக்குள் புதைத்து வையுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்து வெப்பமானியால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடத் தாளில் மூன்று கோடுகள் வரையுங்கள். எந்தக் கோடு வேகமாக இறங்குகிறது? மறுநாள் வைக்கோலை நனைத்துவிட்டு இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கூட்டுக்குக் கூரை எதற்கு, அதிலும் நீர் வழிந்தோடும் சரிவான கூரை எதற்கு என்பது அப்போது விளங்கும்.

கூண்டில் தோற்றதும் காட்டில் வென்றதும்

லண்டனிலும் ஜூரிச்சிலும் நேர்ந்த தோல்விக்குக் குளிர் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எண்ணிக்கையும் ஒரு காரணம். இந்தப் பன்றி ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மழைக்காலம் தொடங்கும் முன், மூன்று நான்கு குட்டிகள் போடும். தொடக்கத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவு விலங்குகள் இருந்தால், ஒரு பெண் பன்றி நோயில் விழுந்தாலே கணக்குத் தலைகீழாகிவிடும். நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் தலையாக விழக்கூடும். நாற்பது முறை சுண்டினால் அது நடக்காது. சிறு கூட்டத்தில் பிறப்பதெல்லாம் ஆணாகவே போய்விடும் அபாயம் எப்போதும் உண்டு.

மிருகக்காட்சி சாலை வீண் என்று இதனால் சொல்லவில்லை. கூண்டில் வைத்துக் காட்டுவது ஒன்று, காட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காக வளர்ப்பது வேறொன்று. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம் என்பதே என் எண்ணம்.

இரண்டாவது வழியை அஸ்ஸாம் வனத்துறையும், ஜெரால்டு டரல் என்ற எழுத்தாளர் ஜெர்சித் தீவில் நிறுவிய வனவிலங்கு அறக்கட்டளையும், வேறு சில அமைப்புகளும் 1995-இல் கூட்டாகத் தொடங்கின. பல ஆண்டுகளாக இந்தப் பன்றிக்காகக் குரல் கொடுத்துவந்த வில்லியம் ஆலிவரும், திட்டத்தை முன்னின்று நடத்திய கௌதம் நாராயணும் இதில் முக்கியமானவர்கள். 1996-இல் மானஸ் தேசியப் பூங்காவில் 2 ஆண், 4 பெண் என ஆறு பன்றிகளைப் பிடித்து, குவாஹாட்டியை அடுத்த பசிஷ்டாவில் அமைத்த நிலையத்தில் வளர்த்தார்கள். அங்கே அடைப்புகளில் புல் வளர்த்தார்கள். கூடு கட்டிக்கொள்ளக் காய்ந்த புல்லும் கொடுத்தார்கள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆறு, சில ஆண்டுகளில் பல மடங்காயிற்று.

வளர்த்ததைவிடக் கடினமானது விடுவது. மனிதனைக் கண்டால் ஓடாத பன்றி காட்டில் ஒரு வாரம் தாங்காது. அதனால் விடப்படவேண்டிய பன்றிகளைக் குழுக்களாகப் பிரித்து, நாமேரி பூங்காவுக்கு அருகில் போட்டாசாலி என்ற இடத்தில் உண்மையான புல்வெளிபோல் அமைத்த பெரிய அடைப்புகளில் சில மாதங்கள் விட்டுவைக்கிறார்கள். மனிதர் முகம் அவற்றின் கண்ணில் படுவது மிகமிகக் குறைவு. கிழங்கு, வேர், பூச்சி, மண்புழு ஆகியவற்றைத் தாமே தேடித் தின்னவும், தாமே கூடு கட்டவும் அங்கே பழகுகின்றன. 2008-இல் சோனாய் ரூபாய் சரணாலயத்தில் 16 பன்றிகளை முதன்முதலாக விட்டார்கள். பிறகு ஒராங், பர்னாடி, கடைசியில் 2020 முதல் அவற்றின் தாய்வீடான மானஸ். இதுவரை 150-க்கும் மேற்பட்டவை விடப்பட்டிருக்கின்றன. அழியும் அபாயத்தின் உச்சநிலையில் இருந்த இந்த இனம், 2019-இல் உலகச் செம்பட்டியலில் ஒரு படி கீழிறக்கப்பட்டது. ஆனாலும் காட்டில் உள்ள முதிர்ந்த பன்றிகள் 250-க்கும் குறைவு என்றே மதிப்பிடப்படுகிறது. உங்கள் பள்ளியின் ஒரு வகுப்புக்கு நான்கு பிரிவுகள் இருந்தால், அந்த மாணவர்களின் எண்ணிக்கைதான் அது.

தீ வைப்பதா, வேண்டாமா?

பன்றியைக் காப்பது என்றால் புல்லைக் காப்பதுதான் என்று இப்போது உங்களுக்குத் தோன்றியிருக்கும். அதில்தான் சிக்கல். அஸ்ஸாமில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதல் மார்ச் வரை காய்ந்த புல்வெளிக்குத் தீ வைக்கிறார்கள். மாடுகளுக்கு இளம்புல் வேண்டும். கூரைக்கும் புல் அறுக்கவேண்டும். சில இடங்களில் மரங்கள் வளர்ந்துவிடாமல் தடுக்க வனத்துறையே தீ வைப்பதுண்டு. ஆனால் அந்த மாதங்கள்தான் குளிர் மிகுந்த மாதங்கள். கூடு கட்டப் புல் எப்போது மிக அவசியமோ, அப்போது புல் இல்லை. ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

சரி, தீயே வைக்காமல் விட்டுவிடலாமே என்றால், சில ஆண்டுகளில் புதரும் மரமும் முளைத்துப் புல்வெளி காடாகிவிடும். காட்டில் புலிக்கு இடமுண்டு. குள்ளப் பன்றிக்கு இடமில்லை. ஆகவே ஓராண்டில் ஒரு துண்டு, மறு ஆண்டில் வேறொரு துண்டு என்று மாற்றி மாற்றி, பருவத்தின் தொடக்கத்திலேயே எரிக்கவேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். சொல்வது எளிது. கூரைக்குப் புல் அறுத்துப் பிழைக்கும் ஏழையிடம் இந்த ஆண்டு இந்தத் துண்டைத் தொடாதே என்று சொல்லவேண்டுமானால், அவனுக்கு வேறு வழியும் காட்டவேண்டும்.

2020-இல் இன்னொரு ஆபத்தும் வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த ஆண்டில் அஸ்ஸாமில் பரவி, வளர்ப்புப் பன்றிகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. மனிதரை அது தொற்றாது. பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. பசிஷ்டாவுக்குள் நுழையும் ஆளும் காலணியும் வண்டிச் சக்கரமும் கிருமிநாசினியில் நனைந்தே உள்ளே போகவேண்டியதாயிற்று.

குள்ளப் பன்றியோடு சேர்ந்து அபாயத்தில் இருக்கும் இன்னோர் உயிரும் உண்டு. இதன் உடலில் மட்டுமே வாழும் ஒரு பேன்! உலகில் வேறெந்தப் பிராணியின் மேலும் அது வாழாது. பன்றி போனால் பேனும் போயிற்று. செம்பட்டியலில் அதற்கும் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

காட்டில் விட்ட பன்றிகள் உயிரோடிருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புலிக்குக் கட்டுவதுபோல் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டலாம் என்றால், பன்றிக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன்; பட்டை கழன்று விழுந்துவிடும். அதனால் தானியங்கிக் காமிராக்களை வைக்கிறார்கள். அதைவிட எளிய முறையும் ஒன்று உண்டு. அஸ்ஸாமின் புல்வெளிகளில் ஆட்கள் வரிசையாக நடந்து, குளம்புத் தடத்தையும் மண்ணைக் கிளறிய இடத்தையும் தேடுகிறார்கள். அவற்றோடு, மூக்கால் தோண்டிய சிறு தொட்டியின் மேல் காய்ந்த புல் வேய்ந்த கூடு எத்தனை இருக்கிறது என்றும் எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.